பேட்டரி அறை வீம்பு

அந்தக் கிடங்கில் அவளுடைய பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவள் ‘வீம்பு’. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு நேராகவே கூப்பிட்டார்கள். அவளும் “என்ன?” என்று திரும்பினாள்.

பட்டம் கிடைத்தது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில். அப்போது அவளுக்கு வயது இருபத்தெட்டு. பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் அங்கே பதினொன்று. ஒவ்வொன்றின் வயிற்றிலும் முக்கால் டன் எடையுள்ள ஒரு பேட்டரி. ஒரு பேட்டரிக்கு இருபத்துநான்கு செல், ஒவ்வொரு செல்லிலும் ஈயத் தகடும் கந்தக அமிலமும். அவற்றுக்குச் சார்ஜ் ஏற்றி, தண்ணீர் அளவு பார்த்து, துடைத்து வைப்பது வேலை. அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் வெறுங்கையோடு செய்து காட்டினார்.

“ஆசிட்டும் தண்ணி மாதிரிதாம்மா. பழகிட்டா ஒண்ணும் பண்ணாது.”

அவருடைய விரல் நுனிகளில் ரேகை இல்லை. அவள் அந்த விரல்களைப் பார்த்தாள். அறை வாசலில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணை மூடும் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழங்காலுக்குக் கீழே வரும் மேலங்கி, அறைக்குள்ளேயே ஒரு தண்ணீர்க் குழாய், இந்த நான்கும் வந்தால்தான் உள்ளே வருவேன் என்றாள். மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் காலை பத்தரைக்கு நான்கும் வந்தன. “சரியான வீம்பு பிடிச்ச பொம்பளை” என்று ஸ்டோர்காரர் சொன்னார். அதில் வீம்பு மட்டும் நிலைத்தது.

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். “தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு சொல்றவங்களப் பார்த்திருக்கேன். இவ அந்த முயல்கிட்டயே எழுதி வாங்கிட்டு வந்துடுவா” என்பார். கல்யாண மோதிரத்தை அவள் கழற்றி அலமாரியில் வைத்தபோது மட்டும் அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரைக் கிடங்குக்கு அழைத்துப் போய், பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே விழுந்து பாதி உருகிப்போன ஸ்பேனர் ஒன்றைக் காட்டினாள். “இந்த இடத்துல மோதிரம் போட்ட விரல் இருந்திருந்தா?” என்றாள். அவர் பேச ஆரம்பித்தார்.

வேலை உடுப்பு கிடங்கிலேயே இருக்கும். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். ஈயத்தூள் கண்ணுக்குத் தெரியாது, வயிற்றுக்குத் தெரியும் என்பாள். இப்படியே பத்தொன்பது வருஷம்.

அங்கே அவளுக்கு அடங்காதது ஒன்றே ஒன்று. சார்ஜரின் சுவிட்ச் சுவர் ஓரத்தில், பேட்டரியிலிருந்து பதினோரு அடி தள்ளி இருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பதினோரு அடி நடக்கச் சோம்பல்பட்டு, டிரைவர்கள் எல்லோரும் மின்சாரம் ஓடும்போதே பிடுங்கினார்கள். சார்ஜ் ஏறும் பேட்டரி வாயு விடும். அந்த வாயுவுக்கு ஒரு பொறி போதும். சொல்லிச் சொல்லி அவள் தொண்டை காய்ந்தது. அதிகமாகச் சிரித்தது அத்தான், அவளுடைய அக்காவின் கணவர், ஐந்தாம் நம்பர் வண்டி டிரைவர்.

“முப்பது வருஷமா பிடுங்குறேன், மச்சினி. என் மேல அதுக்குக் கோபமே வந்ததில்லை.”

“அதுக்குக் கோபம் ஒரு தடவை வந்தாப் போதும், அத்தான்.”

அது வந்த நாள் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து நாற்பத்தொன்று. அவள் அறையின் மறுகோடியில் வேறொரு பேட்டரியின் அமிலத்தை அளந்துகொண்டிருந்தாள். அத்தான் விறுவிறுவென்று உள்ளே வந்தார். லாரி வந்து நிற்கிறதாம், வண்டி உடனே வேண்டுமாம். பாதுகாப்புக் கண்ணாடி ஆணியில் தொங்கியது. அவர் அதன் பக்கம் திரும்பவேயில்லை.

“அத்தான், சுவிட்ச்!”

சொல் முடிவதற்குள் பிளக் அவர் கைக்கு வந்துவிட்டது. பட்டென்று ஒரு சத்தம். ஒரு செல்லின் மூடி பறந்து கூரையில் அடித்தது. அத்தான் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டார்.

அவள் முதலில் செய்தது, ஓடும் வழியில் சுவிட்சைத் தட்டி அணைத்தது. அடுத்தது, அமிலம் பட்ட கையுறையை உருவிப் போட்டுவிட்டு, வெறுங்கையைக் குழாயில் ஒரு நொடி காட்டியது. பிறகு தன்னைவிட ஒன்றரை மடங்கு பெரிய அந்த ஆளைச் சட்டையோடு பிடித்து இழுத்து வந்தாள். தலையை வலது பக்கமாகச் சாய்த்தாள். அடிபட்ட கண் கீழே, நல்ல கண் மேலே. கீழ்க் கண்ணில் ஓடும் நீர் மேல் கண்ணுக்குப் போகாது. குழாயை மெல்லத் திறந்து, இரண்டு விரலால் இமையை அகட்டிப் பிடித்தாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பத்திரண்டு.

“ஐயோ, எரியுது! விடு!”

“கண்ணை உருட்டுங்க. மேல பாருங்க, கீழ பாருங்க. மூடினீங்க, கடிச்சிடுவேன்.”

இடது கையால் சட்டைப் பொத்தான்களைப் பிய்த்தாள். அமிலம் நனைத்த சட்டை தரையில் விழுந்தது.

முதலில் ஓடி வந்தவர் ஸ்டோர்காரர். கையில் சோடாத் தண்ணீர் பாட்டில். பேட்டரி முனைகளைத் துடைக்கவும், தரையில் சிந்திய அமிலத்தை முறிக்கவும் சமையல் சோடா கரைத்து வைத்திருக்கும் பாட்டில் அது. ஆசிட்டுக்கு சோடா என்று அங்கே குழந்தைப் பாடம்போல எல்லோருக்கும் தெரியும். அதுதான் வினையாக வந்தது.

“தள்ளு, இதை ஊத்தினா உடனே முறிஞ்சிரும்!”

“கண்ணுல முறிச்சா சூடு கிளம்பும். அது தரைக்கு. இது கண்ணு.” பாட்டிலை முழங்கையால் தட்டிவிட்டாள். அது உருண்டு போய் மேனேஜரின் காலடியில் நின்றது.

மேனேஜர் வேன் சாவியோடு வந்திருந்தார். கடிகாரம் பத்து நாற்பத்தாறு.

“என்ன வேடிக்கை இது? வண்டி வாசல்ல நிக்குது. ஆளை ஏத்து.”

“இருபது நிமிஷம் கழுவணும் சார். நாலுதான் ஆயிருக்கு.”

“டாக்டர் கழுவுவாங்க. நீ என்ன டாக்டரா?”

“இல்ல சார். டாக்டர் நாற்பது நிமிஷ தூரத்துல இருக்காங்க. ஆசிட் இங்க இருக்கு.”

“கண்ணு போச்சுன்னா பொறுப்பு யாரு?”

“நான்தான். எழுதிக்கோங்க.”

“இந்த நிமிஷமே உன்னை வேலையை விட்டு எடுத்துடுவேன்!”

“எடுங்க. ஆனா பதினாறு நிமிஷம் கழிச்சு எடுங்க. அதுவரைக்கும் கண் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி, பேட்டரி ஆசிட் கண்ணுல பட்டுடுச்சு, வந்துக்கிட்டிருக்கோம்னு சொல்லி வைங்க.”

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அடுத்தது அக்கா, பேக்கிங் பிரிவிலிருந்து. வந்தவள் நேரே தங்கையின் தோளைப் பிடித்து இழுத்தாள்.

“விடுடி அவரை! வீம்பு காட்ட உனக்கு வேற ஆள் கிடைக்கலையா? அவரு கண்ணுடி!”

“அதனாலதான்கா.”

“எரிச்சல் குறைஞ்சிருச்சு” என்று அத்தானும் கீழிருந்து முனகினார். “போதும், விடு. கழுத்து ஒடியுது.”

“கழுத்து ஒடிஞ்சா கட்டுப் போடலாம்.”

அக்கா முதுகில் இரண்டு அடி வைத்தாள். வலித்தது. அவள் இமையைப் பிடித்த விரல்களை மட்டும் அசைக்கவில்லை. இவ்வளவு பேர் சொல்கிறார்களே, நான் மட்டும்தான் சரியா என்று ஒரு கணம் அவளுக்கும் தோன்றியது. அந்தக் கண்ணைப் பார்த்தாள். வெண்விழி ரத்தமாகச் சிவந்திருந்தது. கருவிழி மேல் மெல்லிய பனிமூட்டம்போல ஏதோ. விட முடியாது.

பத்து ஐம்பத்துநான்குக்குக் குழாய் இருமியது. இரண்டு முறை காற்று விட்டது. பிறகு சொட்டு. பிறகு அதுவும் இல்லை. மேல் தொட்டி காலி.

“ஆச்சு, தண்ணியே நின்னு போச்சு. இப்பவாவது ஏத்து” என்றார் ஸ்டோர்காரர்.

“உள்ள பேட்டரிக்கு ஊத்துற சுத்தத் தண்ணி இருக்கு. சீல் உடைக்காத கேன் எட்டு. கொண்டு வாங்க.”

“அது சீட்டு இல்லாம வெளிய வராதே. மேனேஜர் கையெழுத்து…”

அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அக்கா கணவனின் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் நின்ற அந்த அரை நிமிஷத்தில் அவர் மறுபடி பல்லைக் கடித்து முனக ஆரம்பித்திருந்தார். குறைந்துவிட்டதாகச் சொன்ன எரிச்சல் எங்கும் போயிருக்கவில்லை. தண்ணீருக்கடியில் இருந்தது.

அக்கா எழுந்தாள். ஸ்டோர்காரரின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை ஒரே இழுப்பில் பறித்தாள். “சீட்டா? நான் தர்றேன் சீட்டு!” என்று ஓடினாள். திரும்பி வரும்போது கைக்கு ஒன்றாக இரண்டு கேன். சீலைப் பல்லால் கடித்துத் திறந்தாள்.

“எப்படி ஊத்தணும்?”

“மூக்குப் பக்கத்துலேருந்து காதுப் பக்கமா. மெதுவா. நிறுத்தாம.”

அக்கா ஊற்றினாள். தங்கை இமையைப் பிடித்தாள். பதினொன்று இரண்டு ஆனதும் அக்கா கடிகாரத்தைப் பார்த்து, “இருபது” என்றாள்.

“தண்ணி இல்லாத ஒன்றரை நிமிஷம் கணக்குல சேராது. ஊத்து.”

பதினொன்று மூன்றரைக்கு அத்தானை வேனில் ஏற்றினார்கள். உள்ளேயிருந்து எடுத்து வந்த மூன்றாவது கேனும் கூடவே ஏறியது. வழி நெடுக தங்கை இமையைப் பிடிக்க, அக்கா ஊற்றிக்கொண்டே போனாள். வேனின் சீட் ஊறிப்போய் ஒரு வாரம் காயவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தயாராக நின்றாள். கண்ணோரத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்து நிறம் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் அமிலம் இருக்கிறது என்று மேலும் அரைமணி நேரம் கழுவ வைத்தாள். பிறகு கேட்டாள்: “அங்க யார் கழுவினது?”

அக்கா தங்கையைக் காட்டினாள். “இவதான். யார் சொன்னாலும் கேக்க மாட்டா.”

“நல்ல வேளை. கழுவாம வந்திருந்தா அந்த நாற்பது நிமிஷமும் ஆசிட் தின்னிருக்கும். இந்தக் கண்ணை நான் மட்டும்தான் பார்த்திருப்பேன். அது என்னைப் பார்த்திருக்காது. இப்பவும் பத்து நாள் போகட்டும். கட்டைப் பிரிச்சாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்.”

கட்டுப் பிரிக்கும்வரை வீம்பு வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போனாள். போன முதல் நாளே, சுவிட்சைப் பிளக்குக்குப் பக்கத்தில் மாற்றும்வரை ஒரு பேட்டரியும் சார்ஜ் ஏறாது என்று சொல்லி, பழைய ஸ்டூலைத் தேடிப் பிடித்து வாசலில் போட்டாள். இந்த முறை ஒன்றரை நாள்தான் உட்கார வேண்டியிருந்தது. டிரைவர்களில் நாலு பேர் அவளோடு நின்றார்கள்.

எட்டாம் நாள் ஒரு கடிதம் வந்தது. காயம்பட்ட தொழிலாளியை வாகனத்தில் ஏற்ற மறுத்து மேலாளரின் உத்தரவை மீறியது ஏன், இருபத்திரண்டு நிமிடத் தாமதத்துக்காக அவள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மூன்று நாளுக்குள் எழுத்து மூலம் விளக்க வேண்டும். அவள் அதை மடித்து வைத்துக்கொண்டாள். வீட்டுக்காரர், “பதில் எழுதலையா?” என்று கேட்டார். “கட்டு பிரிக்கட்டும்” என்றாள்.

பத்தாம் நாள் காலை கட்டைப் பிரித்தார்கள். கன்னத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தழும்பு. கண் சிவந்து, நீர் வழிந்துகொண்டு, திறந்திருந்தது. டாக்டரம்மா எழுத்துப் பலகையைக் கொண்டுவர ஆளை அனுப்பினாள். அதற்குள் வீம்பு கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

“இடது கண்ணைப் பொத்திக்கோங்க அத்தான். இதை வாசிங்க.”

அவர் பொத்தினார். கண்ணைச் சுருக்கினார். கடிதத்தை அருகே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார்.

“மேலாளரின்… உத்தரவை… மீறி…” நிறுத்தினார். “அடப்பாவிகளா! என்ன எழுதியிருக்கான் இவன்?”

“கீழ பொடி எழுத்துல இருக்கறதையும் வாசிங்க.”

“இருபத்திரண்டு நிமிடத் தாமதத்துக்கு…” என்று படித்தவர் தலையைத் தூக்கி மச்சினியைப் பார்த்தார், அந்த ஒற்றைக் கண்ணால். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஒன்பது ஐந்துக்கு வீம்பு மேனேஜரின் மேஜையில் பதிலை வைத்தாள். முழுக் கையெழுத்தும் தேதியும் போட்டு இரண்டே வரி.

‘தங்கள் கடிதத்தை ஐந்தாம் நம்பர் வண்டி டிரைவர் தமது வலது கண்ணால் எனக்கு வாசித்துக் காட்டினார். இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டால் அவரையே கேட்டுக்கொள்ளவும்.’