சிப்பில் தங்கிப்போன படங்கள்

அலுவலகத்தில் எல்லோரும் அவரை டேப்பக்கா என்றுதான் அழைத்தார்கள். கைப்பேசி மென்பொருள் எழுத வருவதற்கு முன், பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றித் தரும் கடையொன்றில் அவர் வேலை பார்த்தார். நிரல் எழுதக் கற்றதும் அங்கேதான். ஒரு கேசட் ஓடி முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா என்ன? பட்டம் இல்லாமல் உள்ளே நுழைந்தவர் என்பதை அந்தப் பெயர் நாள்தோறும் குத்திக்காட்டியது. ஆயினும் இன்று அந்த அலுவலகத்தின் சோதனை ஆய்வகத்தை நினைக்கும்போதெல்லாம், அதே பெயரைச் சொல்லி யாராவது ஒருமுறை கூப்பிட மாட்டார்களா என்றுதான் அவருக்கு இருக்கிறது.

மூடி கழற்றிய கைப்பேசிகள் மேசையெங்கும் மல்லாந்து கிடக்கும். ஒவ்வொன்றின் வயிற்றிலிருந்தும் கம்பிகள். அதுவரை வீடியோவை விரித்துக் காட்டும் வேலையைக் கைப்பேசியின் பொதுச் செயலியே இழுத்துப்போட்டுச் செய்துவந்தது. சற்று நேரத்தில் கை சுடும், பேட்டரி வடிந்துவிடும். புதிய சிப்பில் அதற்கென்றே கோடெக் என்ற தனிப் பகுதி இருந்தது. அந்தப் பகுதியையும் இயங்குதளத்தையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் இணைப்பு நிரல் டேப்பக்காவின் பொறுப்பு. முதன்முதலாகப் படம் ஓடியும் கைப்பேசி சில்லென்றே இருந்த அன்று, சிப் நிறுவனம் அனுப்பியிருந்த பொறியாளர் அதைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு, "செத்துகித்துப் போச்சா?" என்று கேட்டார். அறையே சிரித்தது.

சோதனைக் கோப்புகளோடு தம் வீட்டு வீடியோக்களையும் சேர்த்துக்கொள்வது டேப்பக்காவின் வழக்கம். எல்லாம் அப்பா எடுத்தவை. கேமரா வாங்கிய நாள்முதல் அப்பா அதன் பின்னாலேயே நின்றுவிட்டார். ஆகவே எதிலும் அவர் இல்லை, கடைசி நொடியைத் தவிர. நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவேயில்லை. ஒவ்வொரு முறையும் கேமராவைத் தம் பக்கம் திருப்பி, கண்ணைச் சுருக்கித் தேடுவார். முகம் கண்சிமிட்டும் நேரம் வந்து மறையும். அவர் போன பிறகு, அசைகிற அப்பா என்று வீட்டில் மிஞ்சியது அவ்வளவுதான்.

ஒரு விடுமுறை நாளில் சோதனைக் கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்தார் டேப்பக்கா. அம்மா ஒரு வீடியோவைப் பார்த்து முடித்து, திரும்பவும் போட்டார், பிறகு நிமிர்ந்தார்.

"என்னடி, உங்க அப்பா வரலையே?"

"வருவாரும்மா, கடைசில."

"கடைசியையும் பாத்துட்டேன். படம் நிக்குது, ஆளைக் காணோம். நல்லா பண்றீங்க வேலை!"

காரணத்தைத் தோண்டியெடுக்க நாளாயிற்று. வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் படங்கள், அதாவது ஃபிரேம்கள். அவற்றை முறையாக வரிசைப்படுத்துவதற்காக, சிப் எப்போதும் சிலவற்றைத் தன்னிடமே பிடித்து வைத்திருக்கும். 'இத்துடன் முடிந்தது' என்ற குறிப்பு வந்தால்தான் அவற்றை வெளியே விடும். டேப்பக்காவின் நிரல் அந்தக் குறிப்பைக் கடைசித் தரவோடு ஒட்டி அனுப்பியது. சிப்போ அது தனியாக வரும் என்று காத்திருந்தது. கதவை அடுத்தவர் பூட்டியிருப்பார் என்று எண்ணி இருவரும் படுத்துக்கொண்ட கதைதான். இதற்குள் இயங்குதளம் எல்லாவற்றையும் மூடிவிட, தங்கிய படங்கள் உள்ளேயே மடிந்தன.

குறிப்பைத் தனியே அனுப்பி, சிப் மிச்சத்தைக் கொடுக்கும்வரை காத்திருக்குமாறு நிரலைத் திருத்தினார். கூட்டத்தில் சிப் பொறியாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"நாலஞ்சு ஃபிரேம்க்கா. யாரு பாக்கப்போறா?"

"எடுத்தவங்க பாப்பாங்க."

மேலாளர் இடைமறித்தார். "சரி, காத்திருக்கு. சிப் பதிலே சொல்லலைன்னா? போன் அப்படியே உறைஞ்சு நிக்குமே?"

"அதுக்குத்தான் சார் நேர வரம்பு வெச்சிருக்கேன். கொஞ்சம் பாத்துட்டு அதுவே மூடிடும்."

"எங்க சிப் பதில் சொல்லாதுன்னு நீங்களே எழுதி வைப்பீங்களா? என் தோலை உரிச்சுடுவாங்க!" என்று துள்ளினார் பொறியாளர்.

சிப் நிறுவனத்தின் மனம் கோணக்கூடாதென்று வரம்பை எடுத்துவிடச் சொன்னார் மேலாளர். டேப்பக்கா தம் மறுப்பை மின்னஞ்சலில் அனுப்பினார். வரம்பு வேண்டாம் என்றே மேலாளரிடமிருந்து வந்த பதிலை அச்செடுத்துக் கோப்பில் சேர்த்தார். எந்தத் தாளையும் தூக்கிப்போடும் பழக்கம் அவருக்கு இல்லை.

கைப்பேசி கடைக்குப் போனது. பாதியில் அறுந்த கோப்புகளுக்குச் சிப் பதிலே சொல்லவில்லை; அவற்றைத் திறந்தவர்களின் கைப்பேசிகள் உறைந்து நின்றன. புகார்கள் குவிந்தன.

"காத்திருக்க வெச்சது டேப்பக்காதான்," என்றார் மேலாளர், அத்தனை பேர் நடுவில். "அந்தத் திருத்தத்தையே மொத்தமா பிடுங்கிடலாம். பழையபடியே இருக்கட்டும்."

மேலாளரின் பதிலை அச்செடுத்த தாள் டேப்பக்காவின் மடியிலேயே இருந்தது. அதை நீட்டியிருந்தால் பழி இடம் மாறியிருக்கும். ஆனால் இரு நிறுவனங்களும் முட்டிக்கொள்ளும். சமாதானத்துக்கு முதல் பலியாகத் திருத்தமே போகும். அதை அவர் நன்றாக அறிந்திருந்தார். கூட்டம் கலைந்ததும் மேலாளரின் அறைக்குத் தனியே போனார்.

"தப்பு என்னோடதுன்னே இருக்கட்டும் சார். திருத்தத்தை எடுக்காதீங்க. வரம்பை மட்டும் திரும்பப் போட்டுத் தரேன்."

மேலாளர் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "அறிக்கையில உங்க பேருதான் போகும்."

"போகட்டும்."

போயிற்று. இணைப்பு நிரல் எழுதியவரின் கவனக்குறைவு என்று அறிக்கை சொன்னது. கையேடுகள் எழுதும் பிரிவுக்கு, வேறொரு மாடிக்கு, அவரை மாற்றினார்கள். திருத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது. நடந்தது அநீதி; அதை மென்மையாகச் சொல்ல வேறு சொல் இல்லை. அந்த மாடியில் நாற்காலிகள் நல்லவை, சன்னல் பெரியது. கை சுடும் கைப்பேசி ஒன்றுகூட இல்லை. உணவு இடைவேளையில் கால்கள் தாமாகவே கீழே ஆய்வகக் கதவுவரை போய்த் திரும்பும்.

திருத்தமும் வரம்பும் சேர்ந்த புதிய மென்பொருள் வந்த அன்று அம்மா கைப்பேசியை மூக்குக் கண்ணாடியருகே பிடித்துக்கொண்டிருந்தார்.

"இந்தா, வந்துட்டாரு! முழிக்கிறதைப் பாரு, மனுஷன்." சிரிப்பு அடங்கியபின் கேட்டார்: "ஆமா, உன்னை எதுக்குடி வேற மாடிக்கு மாத்தினாங்க?"

"அந்த வேலை முடிஞ்சுதும்மா. அதான்."

அம்மா தலையை ஆட்டினார். ஆனால் பதில் காதில் விழவில்லை, அதற்குள் வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டிருந்தார்.