பை பிடித்த இடம்

திருநெல்வேலி ஜங்ஷன் பேருந்து நிலையம், ஞாயிற்றுக்கிழமை காலை. பினாங்கிலிருந்து ஒரு வருடத்துக்குப் பரிமாற்ற மாணவனாக இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்று விக்கிரமசிங்கபுரத்தில், விடுதி அறைத்தோழன் வீட்டில் எனக்கு விருந்து.

பேருந்து நிற்பதற்குள் ஜன்னல்கள் வழியாகத் துண்டுகள் உள்ளே பறக்கின்றன. துண்டு விழுந்த இருக்கை துண்டுக்காரருக்கு. எனக்கும் ஊர் வழக்கம் தெரியும் என்ற பெருமையில் தோள்பையை எறிகிறேன். ஜன்னலோர இருக்கையில் கச்சிதமாக விழுகிறது. பாஸ்போர்ட் அதற்குள் இருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது.

படிக்கட்டில் ஒரு கல்யாண வீடே ஏறுகிறது. எனக்குக் கால் வைக்க இடமில்லை. கண்டக்டர் விசில் ஊத, பேருந்து என் பாஸ்போர்ட்டோடு கிளம்புகிறது. கத்திக்கொண்டே பின்னால் ஓடுகிறேன். நிலைய வாசல் வளைவில் வேகம் குறைய, யாரோ சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போடுகிறார்கள்.

மூச்சுவிட முடியாத அந்த நெருக்கடியில் என் இருக்கை மட்டும் காலி. பை ஜாலியாகக் காற்று வாங்குகிறது. பக்கத்தில் ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்தபடி வேர்த்து வழிய நிற்கிறார்.

"அண்ணாச்சி, நீங்க உட்காந்திருக்கலாமே?"

"அதெப்படி தம்பி? பை கெடக்குல்லா!"

அவரை உட்காரச் சொல்லிக் கெஞ்சுகிறேன். "அடுத்த ஸ்டாப்புல எறங்குதேன், நீரு இரும்" என்கிறார். நான் உட்கார்ந்ததும் தன் மஞ்சள் பையை என் மடியில் வைத்துவிட்டு, வேறெங்கோ பார்க்கத் தொடங்குகிறார். பெயர்கூடக் கேட்கவில்லை. இந்த ஊரில் தங்குவதற்கு நான் மூன்று அலுவலகங்களில் பாஸ்போர்ட்டைக் காட்டியிருக்கிறேன்.