கல்யாணத்துக்குச் சொல்லாத கதாசிரியர்

தொடர்கதை எழுதுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை நிம்மதி கிடையாது. அன்றுதான் பத்திரிகை வரும், அன்றுதான் திட்டும் வரும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கரை சேராத கப்பல்

நாகப்பட்டினத்தில் குடும்பத்தோடு கப்பலேறிய செண்பகமும், அதே கப்பலில் ரயில்வே வேலைக்கு வந்த மாணிக்கமும் காதலித்து, மணமுடித்து, கடல் தாண்டி இங்கே பிரிக்பீல்ட்ஸில் குடித்தனம் நடத்தி, ஜப்பான்காரன் ஆண்ட காலத்தையும் தாண்டுவதுதான் என் கதை. அப்படித்தான் திட்டம். ஆனால் கப்பலில் எனக்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. செண்பகத்தின் வாந்தி மட்டுமே ஒரு மாதம் ஓடியது.

கிள்ளானில் பூ வாங்கப் போனபோது கடைக்கார ஆன்டி மல்லிகைச் சரத்தை அளந்துகொண்டே சொன்னார்: "கதை நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அவங்க கப்பல் ஏறுனப்போ என் மக ஸ்கூல்ல ஃபார்ம் டூ. இப்ப யூனிவர்சிட்டிக்கே போயிட்டா லா, உங்காளுங்க இன்னும் கரை இறங்கல."

எதிர்ப்பக்கத்துக்காரி

என் பக்கத்துக்கு நேர் எதிரே காஜாங் வனிதாவின் தொடர் வரும். அதுவும் குடும்பக் காதல் கதைதான், அதே காலம்தான். எனக்குப் பின்னால் ஆரம்பித்தவள். அவள் கதையில் ஜப்பான்காரன் ஒரு வாரம் வந்தான், மறுவாரம் போய்விட்டான். 'பத்து வருடங்கள் உருண்டோடின' என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் எழுதுவாள். ஞாயிறு காலையில் நான் முதலில் படிப்பது அவள் பக்கத்தைத்தான். நன்றாக இருந்தால் காலைச் சாப்பாடான நாசி லெமாக் எனக்கு இறங்காது. வயிற்றெரிச்சலுக்கு அதிலுள்ள காரச் சம்பலைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒருநாள் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். அடுத்த வருடம் ஒரு தொடருக்குத்தான் இடமாம். இரண்டில் ஒன்று நிற்க வேண்டும். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "வனிதாவப் பாருங்க சார். அவங்க எக்ஸ்பிரஸ் பஸ். நீங்க எல்லா ஸ்டாப்லயும் நிக்கிறீங்க."

அந்த ஒரு வரி

பொறாமை புத்தியை மறைத்தது. அடுத்த வாரமே கப்பலைக் கரை சேர்த்தேன். அதற்கடுத்த அத்தியாயத்தை, 'ஐந்து வருடங்கள் உருண்டோடின. செண்பகம் மூன்றாவது குழந்தையைத் தூளியில் ஆட்டிக்கொண்டிருந்தாள்' என்று தொடங்கினேன். வனிதாவால்கூட இப்படி ஓட முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு முழுக்கப் போன் ஓயவில்லை. நம் ஆட்கள் பந்தியில் உப்பில்லை என்றாலும் பொறுத்துக்கொள்வார்கள். கல்யாணத்துக்குச் சொல்லவில்லை என்றால் சாகும்வரை பேசமாட்டார்கள். அது எனக்கு மறந்துபோயிருந்தது. சுங்கை பூலோவிலிருந்து பேசிய ஓர் அங்கிள், லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், திட்டக்கூட இல்லை. "கப்பல்ல அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்போ நானும் என் வீட்டுக்காரியும் சாமி கும்பிட்டோம். கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை சொல்லலியே தம்பி."

தே தாரிக்

பக்கம் போய்விட்டது என்றே முடிவு செய்து, ஆசிரியரின் காலில் விழவும் தயாராக பிரிக்பீல்ட்ஸ் போனேன். அங்கே டீக்கடையில் அவரோடு வனிதாவும் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் தொடர் முடியப்போகிறதாம். பேரன் பேத்திவரை எல்லோருக்கும் கல்யாணம் செய்துவைத்துவிட்டாள். கதை இன்றைய தேதிக்கே வந்து நின்றுவிட்டது, இனி உருட்டுவதற்கு வருடம் இல்லை. அதனால் இடம் எனக்குத்தான். திரும்பப் போய் அந்த ஐந்து வருடத்துக்குள் விட்டுப்போன கல்யாணத்தை எழுதச் சொன்னார் ஆசிரியர்.

நான் மூச்சு விடுவதற்குள் வனிதா கிளாஸைக் கீழே வைத்தாள். "உங்கமேல எனக்கு ரொம்ப நாளா பொறாமைண்ணே. என் கதைய எல்லாரும் படிச்சாங்க. உங்க கதையிலதான் குடியிருந்தாங்க."

செண்பகத்தின் கல்யாணத்தில் இன்னும் முதல் பந்தியே எழவில்லை என்றாலும், இத்தனை வருடம் பக்கம் பக்கமாக எழுதியும் எனக்குச் சொல்ல வராததை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனதுதான் இன்றுவரை எனக்கு எரிகிறது.