நான்காவது பாதம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். அன்று நான் ஒரு சொட்டு பீர்கூடக் குடித்திருக்கவில்லை. தோளில் ஆள் ஏறும் நாளில் எங்கள் குழுவில் யாரும் குடிக்க மாட்டோம்.

2014, அக்டோபர் 31. என் பெயர் கிங்கா, அப்போது வயது இருபத்தொன்று. போலந்திலிருந்து ஓராண்டுப் படிப்புக்காக ஸ்பெயினுக்கு வந்து, கட்டலோனியாவில் ரிபாசெக்கா என்ற ஊரில் தங்கியிருந்தேன். (அந்த ஓராண்டு இன்னும் முடியவில்லை. இங்கேயே வேலை, இங்கேயே குடும்பம் என்று ஆகிவிட்டது.) வந்த இரண்டாவது வாரமே மாணவர்களின் மனிதக் கோபுரக் குழுவில் என்னைப் பிடித்துப் போட்டார்கள். ஆறடி உயரம், அகலமான தோள். "ஏணி வாங்குற செலவு மிச்சம்டா" என்று சிரித்தான் குழுத் தலைவன் ஒரியோல்.

உண்மையில் நான் ஏணிதான். ஐந்து பேர் ஒருவர் தோள்மேல் ஒருவராக நிற்கும் ஒற்றைத் தூண் எங்களுடையது. நடுவில் ஃபெரான். அவன் தோளில் ஒருவன். அந்த இருவரையும் தாங்கிச் சுற்றிலும் ஐம்பது பேர் நெருக்கியடித்து நிற்போம். மிச்ச மூன்று பேர் என் முதுகில் கால் வைத்து, என் தோளை மிதித்து மேலே போவார்கள். உச்சிக்குப் போகிறவள் ஜனா. என் அறைத்தோழி. குழுவிலேயே சின்ன உருவம்.

அடியில் நிற்கிறவர்களுக்கு ஒரே விதி. தலையைத் தூக்கக் கூடாது.

அன்று ஊர்த் திருவிழா. அதன் கடைசி நிகழ்ச்சி எங்களுடையது. குறுகலான தெரு. சாயங்காலம் பெய்த தூறலில் கல் பாவிய தரை பளபளத்தது. வறுத்த கஷ்கொட்டை வாசனை தெருவெல்லாம். இரண்டு பக்கமும் பால்கனிகளில் ஆட்கள். மணி 11.20க்கு ஒரியோல் கத்தினான்.

"நெருக்குங்க! இன்னும் நெருக்குங்க! கிங்கா, தலை கீழே!"

குனிந்தேன். முன்னால் இருந்தவனின் முதுகில் கன்னம் பதிந்தது. எனக்குப் பின்னால் இக்னாசி நெஞ்சால் அழுத்திக்கொண்டு நின்றான். இனி கண்ணுக்கு எதுவும் தெரியாது. காதும் தோளும்தான்.

முதல் பாதம். பாவ். கனமானவன். எலும்பு நொறுங்குவது போல இருந்தது.

இரண்டாவது, பெர்த்தா. மேளம் தொடங்கியது. குழல்கள் கீச்சிட்டன.

மூன்றாவது, ஜனா. வழக்கம்போலக் காதருகே, "சாரிடி, மிதிக்கிறேன்" என்றாள். சிரிப்புச் சத்தம். பாதம் விலகியது. அவ்வளவுதான். இனி யாரும் இல்லை.

அப்போது...

என் இடுப்பில் ஒரு கால் ஊன்றியது.

நான்காவது பாதம்.

கனமே இல்லை. செருப்பில்லாத வெறுங்கால். சில்லென்று ஈரம். முதுகில் ஏறி, தோளில் ஊன்றி நின்றது. என் உள்ளங்கை அளவுதான் இருக்கும்.

எங்கள் குழுவில் பதினெட்டுக்குக் குறைந்த ஆளே கிடையாது.

"இக்னாசி... நாலாவதா யாரு ஏறுறது?"

"மூச்சை வீணாக்காத. அழுத்து!"

பாதம் விலகியது. மேலே போய்விட்டது.

ஜனா உச்சியில் கையை உயர்த்தியதும் குழல் ராகம் மாறும். மாறியது. கைதட்டல். ஆனால் உள்ளே ஃபெரான் முனகினான். "என்னடா... கனம் ஏறுது..."

இறங்க ஆரம்பித்தார்கள்.

ஜனா இறங்கினாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

பெர்த்தா.

பாவ்.

மூன்று பேர். ஃபெரான் தோளில் நின்றவனும் உள்ளே குதித்து இறங்கும் சத்தம் கேட்டது.

"பிரியலாம்!" ஒரியோல் கத்தினான்.

"வேணாம்! இன்னும் ஒரு ஆள் மேல இருக்கு!"

"எல்லாரும் இறங்கியாச்சு. கையை விடு, கிங்கா."

"விடாதீங்க! விழுந்துரும்!"

யாரோ என் விரல்களைப் பிரித்தார்கள். அடித்தளம் கலைந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

சத்தம் வரவில்லை.

தலையைத் தூக்கினேன். மேலே யாரும் இல்லை. கடிகாரம் 11.31 காட்டியது.

12.40க்கு வீடு திரும்பும்போது பாலத்தில் ஜனா நின்றுவிட்டாள். உதடு வெளுத்திருந்தது.

"கிங்கா... எனக்கு மேல ஆள் ஏறக் கூடாது இல்ல?"

"நீதானே கடைசி."

"நான் கையைத் தூக்குனப்ப என் தோள்ல கால் வச்சு ஏறுச்சுடி. நின்னுச்சு. அப்புறம் கனமே இல்லாம போச்சு. கீழ விழல. எங்க போச்சுன்னு தெரியல."

விடியும்வரை விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தோம்.

நான்கு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை இரவு 8.15. எங்கள் பயிற்சிக் கூடத்துக்கு ஒருவர் வந்தார். பல்டிரி என்று பெயர். பல் மருத்துவர், தனி ஆள். நாங்கள் தூண் கட்டிய இடத்துக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில் அவருடைய பால்கனி. கண்கள் உள்ளே போயிருந்தன. பல நாள் தூங்காத முகம்.

"யாருப்பா இங்க தலைவரு? உங்க பிள்ளையை எப்பக் கூட்டிட்டுப் போவீங்க?"

ஒரியோல் விழித்தான். "எந்தப் பிள்ளை சார்? இங்க எல்லாரும் காலேஜ் பசங்க."

"விளையாடாதீங்க. அன்னைக்கு கோபுரத்து உச்சியில நின்னு என்னைப் பார்த்து கையை நீட்டுச்சு. விழுந்துடுமேன்னு பயந்து, எட்டிப் பிடிச்சு உள்ளே தூக்கிட்டேன்."

ஜனா என் கையை நசுக்கினாள்.

"போலீசைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துட்டு, யாருமே இல்லைங்கிறாங்க. எனக்கு முத்திப்போச்சாம்." அவர் குரல் உடைந்தது. "தூக்கினது நான்தான். ஒத்துக்கறேன். ஆனா இறங்க மாட்டேங்குதே..."

"இப்ப அது எங்க சார் இருக்கு?" என்று கேட்டான் ஒரியோல்.

பல்டிரி அவனையே வெறித்துப் பார்த்தார், முட்டாள்தனமான கேள்வி கேட்டுவிட்டது போல. திரும்பி வாசலுக்கு நடந்தார்.

எங்கள் கூடம் பழைய தானியக் கிடங்கு. வாசல் பன்னிரண்டு அடி உயரம். லாரியே உள்ளே வரும்.

அதன் முன்னால் நின்று, மெதுவாக முழங்காலை மடக்கி, நன்றாகக் குனிந்து, தன் தலைக்கு மேலே ஒரு கையால் எதையோ மறைத்துப் பிடித்தபடி...

அவர் வெளியே போனார்.