கார்த்திகேசு வீட்டு மாப்பிள்ளைகள்

எங்கள் ப்ளாட்டில் லிஃப்ட் நான்காம் மாடியில் நிற்கும். அதைவிட்டால் ஏழாம் மாடியில்தான் நிற்கும். இடையில் இருக்கும் எங்களை, ப்ளாட்டைக் கட்டியவன் மறந்தே போனான். ஆனால் என் மனைவி குணவதிக்கு இதில் ஒரு லாபம் உண்டு. ஐந்தாம் மாடிக்கு வருகிறவர்கள் எல்லாம் படியேறி, எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டுகிற அந்த அரை நிமிடத்தில் வந்தவருக்குக் கல்யாணம் ஆனதா, கடன் இருக்கிறதா, மாமியாரோடு ஒத்துப்போகிறதா என்பது வரை அவள் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வாள். அதற்காக நிறுத்துகிற ஆள் இல்லை.

நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன். கைப்பேசியில் அழைப்பு வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. அதனால் இந்தக் கூத்து முழுவதையும் கூடவே இருந்து பார்த்தவன் நான்.

பக்கத்து வீட்டுக் கார்த்திகேசு அண்ணனுக்கு அறுபத்து நான்கு வயது. முப்பத்து நான்கு வருடம் துறைமுகத்தில் வேலை செய்தவர். அதில் கடைசிப் பதினைந்து வருடம் பட்டர்வொர்த் பக்கம், கொள்கலன் தூக்கும் கிரேனில், அந்தரத்தில் உட்கார்ந்தே கழித்தார். வேலையை விட்ட பிறகும் மனுஷன் கீழே இறங்கவில்லை. நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கைலியை மடித்துக் கட்டி, கீழே கார் நிறுத்துகிறவர்களுக்கு உத்தரவு போடுவார்.

"ஏய், சிவப்பு மைவி! ரெண்டு அடி பின்னால வா! ஸ்டாப்! ஸ்டாப்புன்னா ஸ்டாப்புலா!"

சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் கேட்பார்கள். ஒருமுறை யாரோ திருட்டுப் புகார் கொடுத்து வந்த போலீஸ் காரையே மூன்று தடவை முன்னும் பின்னும் போக வைத்து, கோட்டுக்குள் நிறுத்திய பிறகுதான் விட்டார். ப்ளாட்டில் எந்தச் சண்டையும் அவர் வாயைத் திறக்கிற வரைக்கும்தான். அந்த மரியாதைதான் அவருக்குச் சோறு, தண்ணீர் எல்லாம்.

இனி நான் சொல்லப்போவது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அண்ணனுக்கு மனசு சரியில்லாமல் போனது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி தன் பேச்சை ஒட்டுக்கேட்டு எங்கேயோ சொல்கிறது என்று நம்ப ஆரம்பித்தார். மகள் ஜெகதீஸ்வரி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனாள். மாதம் ஒரு ஊசி. நான்கைந்து மாதத்தில் பழைய கார்த்திகேசு திரும்பிவிட்டார், மைவிக்காரர்கள் மறுபடியும் திட்டு வாங்கினார்கள். பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் எங்கள் ப்ளாட்டு ஆள் ஒருவரைத் தூரத்தில் பார்த்தார். அவர் அங்கே குளிர்சாதனம் பழுது பார்க்கப் போனவர், பாவம். ஆனால் அண்ணன் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடி வந்தவர்தான், அதோடு ஊசிக்குப் போகவில்லை.

மூன்று மாதம் கழித்து எங்கள் ப்ளாட்டில் இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை. நாங்கள் தண்ணீர் இலாகாவைத் தாறுமாறாகத் திட்டினோம். தொட்டியின் வாயை அடைக்க அண்ணன்தான் குழாயை மூடியிருந்தார். மூடிவிட்டுக் காணாமல் போய்விட்டார். மூன்றாம் நாள் வெல்ட் கீ படகுத்துறை ஓரத்தில் ஜெகதீஸ்வரி அவரைக் கண்டுபிடித்தாள். காலில் செருப்பில்லை, உதடு வெடித்திருந்தது. "நீ யாரும்மா?" என்று மகளைக் கேட்டாராம். எங்களிடம் அப்பா ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்று சொன்னாள். நாங்களும் நம்பினோம்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு தேடி வந்து ஊசி போடும் குழுவுக்கு ஏற்பாடு ஆனது. அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சீருடை கூடாது, பெயர் எழுதிய வேன் கூடாது, ப்ளாட்டில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அன்றைக்கே ஊசி நின்றுவிடும். ஜெகதீஸ்வரி சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தாள். ஊசி நின்றால் என்ன ஆகும் என்று படகுத்துறையில் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

இப்போது குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூத்த தாதி சித்தி ஹாஜரா. நல்ல மனசு, அதைவிட நல்ல ஆர்வம். சீருடை கூடாது என்று சொன்னதும், விருந்துக்குப் போவதுபோல் மினுமினுக்கும் மலாய் உடை பாஜு குரோங்கில் வந்துவிட்டார். ஊசிப் பெட்டி வெளியே தெரியக் கூடாதே என்று அதை ஒரு பிரம்புக் கூடையில் வைத்து, மேலே ஆரஞ்சுப் பழங்களை அடுக்கினார். அது போதாதென்று ஒரு சிவப்பு ரிப்பனும் கட்டினார். கூடவே மனநல நிபுணருக்குப் படிக்கும் ஓர் இளம் டாக்டர். இந்தக் குழுவில் ஆறு மாதம் பயிற்சி முடிந்ததும் அவரை வேறு பிரிவுக்கு மாற்றி, புது ஆளை அனுப்புவார்கள். முதலில் வந்தவர் டாக்டர் குகன். நல்ல உயரம், இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் கீற்றுத் திருநீறு.

இஸ்திரிச் சட்டை, பழக்கூடை, பட்டுப்போல் உடுத்திய ஒரு பெரிய மனுஷி. வீட்டில் முப்பத்து மூன்று வயதில் கல்யாணமாகாத பெண். பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை, அன்றைக்கு அதற்கு லீவு போட்டுவிட்டு வாசலில் காத்திருக்கிறாள். குணவதியைக் குற்றம் சொல்ல முடியுமா?

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க!" என்று ஓடி வந்தாள். "மாப்பிள்ளை ராஜா மாதிரி இருக்கான். தரகர்தான் மலாய்க்காரம்மா. இப்பல்லாம் அவங்களும் இந்த வேலை பாக்குறாங்க போல."

போனவள் சும்மா இருப்பாளா? துணி காயப்போடும் சாக்கில் அவர்கள் ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டு வந்தாள். "ஏங்க, என்ன மரியாதை தெரியுமா? 'மனசு எப்படி இருக்கு, நல்லா சாப்பிடுறீங்களா'ன்னு மாமனாரையே கேட்டுக்கிட்டு இருக்கான். பொண்ணு பக்கம் திரும்பிக்கூட பாக்கல. குடும்பத்துப் பையன்!"

மறுநாள் அவள் ஜாடைமாடையாகக் கேட்டபோது ஜெகதீஸ்வரி திடுக்கிட்டாள். பிறகு தலையைக் குனிந்து, "ஆமாங்க்கா, பேசிக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டாள். பொய் தானாக வந்து மடியில் விழுந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அண்ணனுக்கும் ஏகத் திருப்தி. "மாப்பிள்ளைன்னே நெனச்சுக்கட்டும்லா, நல்லதுதானே" என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்புக்கு யார் விலை கொடுக்கப் போகிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை.

மாப்பிள்ளை மாதா மாதம் வந்தார். தேதி குறிக்கவில்லை. மூன்றாம் மாதம் குணவதி, ஜெகதீஸ்வரி வைக்கும் பலகாரம்தான் சரியில்லை என்று முடிவு கட்டி, உளுந்து வடை சுட்டு அனுப்பினாள். நான்காம் மாதம் வடையோடு கேசரியும் போனது. அந்தக் குழுவில் பயிற்சிக்கு வந்த டாக்டர்கள் எங்கள் ப்ளாட்டுக்கு வரப் போட்டி போட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஏழாம் மாதம் குகனைக் காணோம். அதே தரகர், அதே பழக்கூடை, வேறு மாப்பிள்ளை. இவர் டாக்டர் ரயன், தமிழ்க் கத்தோலிக்கர், கழுத்தில் சின்னச் சிலுவை.

"அவன் ஆறு மாசம் தின்னுட்டுக் கைகழுவிட்டான்" என்று குணவதி பொருமினாள். "இப்ப மதம் மாறிக்கூட பாக்குறாங்க. பாவம் அந்தப் பொண்ணு."

ஜெகதீஸ்வரிக்கு அன்றிலிருந்து சனி பிடித்தது. ஒருத்தி முகத்துக்குப் பூச மஞ்சள் கொண்டுவந்தாள். இன்னொருத்தி கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். மூன்று வீடு தள்ளியிருக்கும் நூர்ஜான் அக்கா உடம்பு இளைக்க ஏதோ கஷாயம் கொடுத்தார். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். முதுகுக்குப் பின்னால் மட்டும் வேறு பேச்சு ஓடியது. பெண்ணிடம் ஏதோ குறை இருக்கிறதாம், இல்லாவிட்டால் இப்படிப் பார்த்துப் பார்த்துப் போவார்களா? எனக்கும் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு வந்தது அந்தப் புதன்கிழமை. ரயனுக்குக் கடைசி நாள். குகன் செய்யாததை இவர் செய்தார், அடுத்து வரும் டாக்டரை அறிமுகப்படுத்திவிட்டுப் போகக் கையோடு கூட்டி வந்தார். வந்த புது டாக்டர் ஒரு பெண். பெயர் ஷர்மினி. இருவரும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டே படியேறி வந்தார்கள். ஷர்மினியின் கைப்பை ரயனின் தோளில் தொங்கியது.

குணவதி வடைத் தட்டை என் கையில் திணித்தாள். அவள் இரண்டு கையையும் காலி செய்துகொண்டால் யாருக்கோ கெட்ட நேரம் என்று எனக்குத் தெரியும்.

"தம்பி, நில்லு. யாரு இந்தப் பொண்ணு?"

ரயன் விழித்தார். நோயாளியின் விஷயம் வெளியே போகக் கூடாது, தாங்கள் யார் என்றே சொல்லக் கூடாது. "அத... சொல்ல முடியாது ஆண்ட்டி."

"சொல்ல முடியாதா! உள்ள ஒருத்தி ஒனக்காகக் காத்துக்கிட்டு இருக்கா, நீ இன்னொருத்தியோட பையத் தூக்கிக்கிட்டு வர்றியா? இதுதான் பொண்ணு பாக்குற லட்சணமா?"

தான் ஆறு மாதமாக மாப்பிள்ளை என்பது ரயனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பதறிப்போய், சொல்லக் கூடாத ஒரே விஷயத்தைச் சொன்னார்.

"ஐயோ ஆண்ட்டி, எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு!"

ஐந்தாம் மாடி அதிர்ந்தது. கதவுகள் படபடவென்று திறந்தன. "கல்யாணம் ஆனவனா!" என்று நூர்ஜான் அக்கா கரண்டியோடு வந்தார். சித்தி ஹாஜரா, "சாபார், சாபார்" என்று எல்லாரையும் பொறுமையாக இருக்கச் சொல்லி நடுவில் புகுந்தார். தள்ளுமுள்ளில் கூடை கவிழ்ந்தது. ஆரஞ்சுகள் படியில் குதித்து நான்காம் மாடிக்கு ஓடின. தரையில் ஊசியும் பஞ்சும் மருந்துப் புட்டியும் கிடந்தன.

"ஊசி!" என்றாள் குணவதி.

"போதை ஊசி!" என்றார் நூர்ஜான் அக்கா. "போலீசக் கூப்புடு!"

போலீஸ் என்றதும் ஜெகதீஸ்வரி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். கதவைத் தனக்குப் பின்னால் இழுத்துச் சாத்தினாள்.

"யாரையும் கூப்பிடாதீங்க. இவங்க டாக்டருங்க. எனக்குத்தான் ஊசி போட வர்றாங்க." மூச்சை இழுத்துக்கொண்டாள். "எனக்குத்தான் மனசு சரியில்ல."

நூர்ஜான் அக்கா கரண்டியைக் கீழே இறக்கினார். பின்னாலிருந்து யாரோ, "நான் அப்பவே சொன்னேன்ல, கொறை இருக்குன்னு" என்று முணுமுணுத்தது எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது.

கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கிறது. கதவு திறந்தது. கார்த்திகேசு அண்ணன் வெளியே வந்தார். மகள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் அவளைத் தோளைப் பிடித்து மெதுவாக ஓரமாக நகர்த்தினார்.

"அவ பொய் சொல்றா" என்றார். கார்களை அதட்டும் குரல் இல்லை அது. "ஊசி எனக்கு. மூணு வருஷமா. எனக்குத்தான் மனசு சரியில்லாமப் போச்சு. ஒங்க தண்ணிய மூடினதும் நான்தான்."

நாங்கள் மரம்போல நின்றோம். நாங்கள் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டார் போல.

"இங்கதான் போடுவாங்க" என்று பின்பக்கத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "சந்தேகமா இருக்கா? காட்டவா?" அவர் கை கைலி முடிச்சுக்குப் போனது.

"வேணாம்ண்ணே! வேணாம்!" என்று ஐந்தாம் மாடியே அலறியது.

ஜெகதீஸ்வரி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். ஆனால் அண்ணன் சிரிக்கவில்லை. முடிச்சைப் பிடித்தபடி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முப்பது வருட மரியாதை போயிற்றா இருக்கிறதா என்று தேடுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. கையில் இருந்த வடைத் தட்டைத்தான் அவர் பக்கம் நீட்டினேன்.

குணவதி முன்னால் போனாள். கீழே கிடந்த மருந்துப் புட்டியை எடுத்து முந்தானையால் துடைத்து ஷர்மினியிடம் கொடுத்தாள். பிறகு, அவள் வாயில் நான் கேட்டே இராத தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"டாக்டரம்மா, எனக்கு எட்டு மாசமா சரியாத் தூக்கமே இல்ல. சும்மா சும்மா அழுகை வருது. இதுக்கெல்லாம் ஒங்ககிட்ட வரலாமா?"

எட்டு மாதம். எங்கள் மகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன மாதத்திலிருந்து. அவளுக்குப் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்குகிறவன் நான். ஊரில் உள்ளவர்கள் கதையெல்லாம் இவள் சொல்லக் கேட்டேனே தவிர, இவள் கதையை ஒரு நாளும் கேட்கவில்லை.

"வரலாம்மா, தாராளமா" என்றார் ஷர்மினி.

"என் மகனுக்கும் கொஞ்சம் பாக்கணும்" என்றார் நூர்ஜான் அக்கா. கரண்டி முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. கோடி வீட்டுச் சீனர் ஒருவர், என்ன நடக்கிறது என்றே தெரியாமல், வரிசை மாதிரி இருக்கிறதே என்று அவருக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். டாக்டர்கள் இருவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

கார்த்திகேசு அண்ணன் அந்தக் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முடிச்சைவிட்டுக் கையை எடுத்தார். கைலியை மடித்து இறுக்கிக் கட்டினார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கீழே பார்க்கிங் வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார்.

"ஏய்! தள்ளாத! எல்லாரும் ரெண்டு அடி பின்னால போ! மொத ஊசி எனக்கு. அப்புறம்தான்லா நீங்கல்லாம்!"

எல்லாரும் இரண்டு அடி பின்னால் போனோம்.