சித்தி கல்யாணத்தில் நான் வாசித்த பாட்டு

கோவிலில் ஆர்கன் வாசிக்கிறவர்கள் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம். ஆனாலும் யார் வந்திருக்கிறார், யார் தூங்கிப்போனார் என்பது குரலை வைத்தே தெரிந்துவிடும். எத்தனையோ வருஷமாக வாசித்துவிட்டேன், அபிப்பிராயம் சொல்ல எனக்கு உரிமை உண்டு. எங்கள் பாளையங்கோட்டைச் சபை எந்தப் பாட்டையும் இழுக்கும். சந்தோஷப் பாட்டு என்றால் கொஞ்சம் கூடுதலாகவே இழுக்கும். மெட்டுத் தெரியாதவர்தான் முன்வரிசையில் உட்காருவார், கடவுள் அவருக்குத்தான் தொண்டையையும் பெரிதாகக் கொடுத்திருப்பார். கல்யாணத்துக்கு வாசிப்பதைவிட அடக்கத்துக்கு வாசிப்பது எவ்வளவோ மேல் என்பதும் என் அபிப்பிராயம்தான். அடக்கத்தில் யாருக்கும் அவசரம் இல்லை, விரல் தப்பினாலும் அழுகையில் அமுங்கிவிடும். இதை நான் சொன்னால் எங்கள் வீட்டில் பழைய ஆட்கள் சிரிப்பார்கள். ஏன் சிரிப்பார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மன் சண்டை வருவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால் நடந்தது. நான் அப்போது பதினோரு வயதுச் சிறுமி. அப்பா சபைக்கு உபதேசியார், எங்கள் வீடு கோவில் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்தது. அம்மாவின் தங்கை, என் சித்தி, பெண்கள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி. எங்களோடுதான் இருந்தாள். கோவிலில் ஆர்கன் வாசிப்பதும் அவள்தான். காலால் மிதித்துக் காற்று ஏற்றிக் கையால் வாசிக்கிற அதை நாங்கள் பெட்டி என்றே சொல்வோம். சீமையிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வந்திறங்கிய பெட்டி. முதலில் மிஷன் துரைசாணி வாசித்தார். அவர் காய்ச்சலில் படுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரிடம் வாசிக்கப் பழகியிருந்த சித்தி போய் உட்கார்ந்தாள். சேலை கட்டிய ஒருத்தி பெட்டியை மிதிக்கிறாளே என்று அன்றைக்குச் சபையில் பாதிப் பேர் பாடவே மறந்துவிட்டார்களாம். காய்ச்சல் தெளிந்த பிறகும் துரைசாணி அந்தப் பக்கம் வரவில்லை. சித்தி அவ்வளவு நன்றாக வாசித்தாள்.

சித்திக்கு மே மாதம் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை தேரிக்காட்டுப் பக்கம் ஒரு ஊரில் வாத்தியார். அந்த ஊர்க் கோவிலில் பெட்டி கிடையாது, ஒரு ஜோடி ஜால்ராவும் ஜனங்களின் குரலும்தான். இனிமேல் சித்திக்கு முழங்கால் வலிக்காது என்று நான் சந்தோஷப்பட்டேன். வீட்டில் வேறு கவலை வந்துவிட்டது. ஊரில் எல்லார் கல்யாணத்துக்கும் சித்தி வாசித்தாள், சித்தி கல்யாணத்துக்கு யார் வாசிப்பது? துரைசாணி வெயிலுக்குப் பயந்து கோடைக்கானல் போய்விட்டார். வாசிக்கத் தெரிந்த ஆள் வேறு இல்லை. சும்மா பாடினால் போதாதா என்றார் அப்பா. எதையும் வாய் திறந்து கேட்காத சித்தி அன்றைக்குக் கேட்டாள்.

"அத்தான், இந்த ஊர்ல எத்தனை பொண்ணுகளை நான் வாசிச்சு உள்ள கூட்டியாந்திருக்கேன். எனக்கு மட்டும் பெட்டி ஊமையா கெடக்கணுமா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான்தான் வாயிலிருந்த பழைய சோற்றை விழுங்கிவிட்டு, "நான் வாசிக்கேன்" என்றேன்.

புளுகு இல்லை. சித்தி பள்ளிக்கூடம் போனதும் கோவிலுக்குள் புகுந்து பெட்டியை நோண்டுவது என் நித்திய வேலை. அவள் வாசித்ததைக் காதில் வைத்துக்கொண்டு நானே தேடிப் பிடிப்பேன். இரண்டு கைக்கும் நன்றாகப் பிடிபட்டது ஒரே ஒரு மெட்டு, அடக்கப் பாட்டின் மெட்டு. கல்யாணத்துக்கு அழைக்காமல் போனால் அம்மா ஏசுவாள். அடக்கத்துக்கு யாரும் அழைக்க வேண்டாம். அதனால் ஒன்றுவிடாமல் போய்விடுவேன். ஜனங்கள் எழுந்து நிற்பார்கள், வாசல் வழியே சவத்தைத் தூக்கிக்கொண்டு மெல்ல மெல்ல வருவார்கள், சித்தி அந்த மெட்டைத் தொடங்குவாள். இதை எத்தனை தடவை பார்த்திருப்பேனோ.

சித்தி என்னை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன், சிரித்துவிட்டாள். பத்து நாளில் கல்யாணப் பாட்டையும் இரண்டு கையாலும் வாசித்துவிட்டேன். கால் சரியாக எட்டாது. முக்காலியின் நுனியில் உட்கார்ந்து பெருவிரலால் மிதிக்க வேண்டும். எனக்கு வந்த கர்வத்தைக் கேட்க வேண்டாம். தாமிரபரணிக்குக் குளிக்கப் போனாலும் படித்துறைக் கல்லில் விரலால் வாசித்துக்கொண்டிருப்பேன்.

கல்யாணத்தன்று கோவில் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் நாலு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து பெட்டியையே வெறித்துப் பார்த்தார். அப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. குருவானவர் தலையசைத்தார். ஜனங்கள் எழுந்து நின்றார்கள். பெட்டிக்கு மேல் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் வாசல் தெரிந்தது. வெள்ளைச் சேலையில் சித்தி மெல்ல மெல்ல வந்தாள். விரல்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவற்றுக்குப் பழகிப்போனதைத் தொடங்கிவிட்டன.

கோவிலில் பாடுகிற ஞானப்பாட்டில் ஒரு வசதி உண்டு. அடிகளின் அளவு ஒத்துப்போனால் ஒரு பாட்டை இன்னொரு பாட்டின் மெட்டில் பாடிவிடலாம். எங்கள் கல்யாணப் பாட்டும் அடக்கப் பாட்டும் ஒரே அளவு. அதனால் யாரும் நிறுத்தவில்லை. புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறவர்கள் கல்யாண வார்த்தைகளைப் பாடினார்கள். மெட்டைக் கேட்டுப் பாடுகிற கிழவிகள் மனப்பாடமாகத் தெரிந்த அடக்க வார்த்தைகளைப் பாடினார்கள். போன வருஷம் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெரியம்மா விசும்பத் தொடங்கிவிட்டார். சகுனம் பார்ப்பது பாவம் என்று வாராவாரம் பிரசங்கம் கேட்ட ஜனம்தான். ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மகன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாராம். இதெல்லாம் பின்னால் அம்மா சொல்லித் தெரிந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடியில் அப்பா தூணோரம் நின்று கையை ஆட்டியதுதான். நிறுத்தச் சொன்னார் அவர். மெதுவாக வாசிக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு நான் இன்னும் இழுத்தேன்.

அப்போதுதான் வாசல் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது. மணப்பெண் தலைகுனிந்து வாய் திறக்காமல் வர வேண்டும். சித்தி தலையை நிமிர்த்தி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற குரலில், கல்யாண வார்த்தைகளை ஓங்கிப் பாடிக்கொண்டு வந்தாள். அதுவும் இரட்டை வேகத்தில். அதைக் கேட்டதும்தான் நான் எதை வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. நிறுத்தினாலும் மோசம், மெட்டை மாற்றினால் அதைவிட மோசம். அவள் பின்னாலேயே விரலை ஓட்டினேன். சபையும் வேறு வழியில்லாமல் ஓடியது. மூன்றாவது சரணம் வருவதற்குள் அது அறுவடை முடிந்து துள்ளிப் பாடுகிற அறுப்புப் பண்டிகைப் பாட்டு மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளை தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டு நின்றார். அவர் சிரிப்பதைப் பார்த்து அவர் அம்மாவும் கையை விட்டார்.

தாலி கட்டி, பிரசங்கம் முடிந்து, கையெழுத்துப் போட எல்லாரும் பக்கத்து அறைக்குப் போனார்கள். நான் முக்காலியை விட்டு அசையவில்லை. மணமக்களை அனுப்பிவைக்கிற கடைசிப் பாட்டு இன்னும் பாக்கி. அறையிலிருந்து வெளியே வந்த சித்தி நேராக என்னிடம் வந்தாள்.

"எந்திரிட்டி" என்றாள்.

தண்டனை என்று எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் என்னை இறக்கிவிடுகிறாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சித்தி மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சேலையை லேசாகத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். தன் கல்யாணத்துக்குத் தானே வாசித்த பெண்ணை எங்கள் ஊர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டே பாடினார்கள். மாப்பிள்ளை வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

பாட்டுக்கு நாலு சரணம். நாலும் முடிந்தது. குருவானவர் புத்தகத்தை மூடினார். வெளியே தேரிக்காட்டுக்குப் போக வண்டி பூட்டுகிற சத்தம் கேட்டது. சித்தி ஐந்தாவது தடவை தொடங்கினாள். யாரும் பாடவில்லை, பெட்டி மட்டும்தான். அது முடிந்ததும் ஆறாவது. சரணக் கணக்கில் ஒருநாளும் தப்பாதவள்! நான் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்து, சித்திக்குக் கணக்குத் தப்பிட்டு என்று காதோடு சொன்னேன். அவர் அப்போது சிரிக்கவில்லை.

"இருக்கட்டும்மா. அவளுக்கு வேணுங்குற மட்டும் வாசிக்கட்டும்."

நல்ல மனுஷன், தப்பு விட்டதற்குக் கோபப்படவில்லை என்று நினைத்துக்கொண்டேன். என் அழுகை போன இடம் தெரியவில்லை. சித்தியே தப்பு விட்டாயிற்று. அவள் தப்பும் என் தப்பும் சரிக்குச் சரி, இனி யாரும் என்னை ஏச முடியாது. அவள் மாலையை என் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஏழு, எட்டு என்று விரலை மடக்கி, வயிறு நிறையச் சந்தோஷத்தோடு எண்ணிக்கொண்டிருந்தேன்.