தம்பி தின்ற கோயில் உப்பு

தம்பிக்குச் சிறுநீரக நோய் வந்தபோது அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பதினாறு. முகமும் காலும் ஊதிப்போய் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தான். மாத்திரையோடு திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு அனுப்பிய டாக்டர், உப்பைக் கண்ணிலேயே காட்டக் கூடாது என்றார். மறுபடி ஊதினால் திரும்பவும் படுக்கைதான்.

தினமும் காலையில் அவன் மூத்திரத்தைச் சோதிப்பது என் வேலை. பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு எடுத்த பாவம். டெஸ்ட் டியூபில் பிடித்து மெழுகுவர்த்தியில் சூடாக்க வேண்டும். வெள்ளையாகத் திரண்டால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம். முதல் வாரம் குமட்டியது. பிறகு கையைக் கழுவிவிட்டு நேராக இட்லிக்கு உட்காரப் பழகிவிட்டேன்.

மூன்று மாதம் தெளிவாகவே இருந்தது. அம்மா வேண்டிக்கொண்டபடி அம்மன் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டப் போனோம். நோயாளி கையால்தான் கொட்ட வேண்டுமாம். மூன்று மாதமாக உப்பில்லாச் சோற்றை முறைத்துக்கொண்டிருந்தவன் கையில் ஒரு பொட்டலம் கல்லுப்பு! எங்களைப் போலப் புத்திசாலிகள் உண்டா? எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். நான் சரியாக மூடவில்லை. தம்பி கொஞ்சம் அள்ளி வாயில் போட்டுக் கடித்தான். நான் கையைப் பிடிப்பதற்குள் விழுங்கிவிட்டான்.

“அப்பாகிட்ட சொல்லிடாதக்கா.”

“வாய மூடிக்கினு வாடா, எருமை.”

அடுத்த மூன்று நாள் எனக்குச் சரியான தூக்கமில்லை. காலையில் எழுந்ததும் அவன் காலை அழுத்தி, நீர் கோத்துக் குழி விழுகிறதா என்று பார்ப்பேன். விழவில்லை. டெஸ்ட் டியூபும் தெளிவாகத்தான் இருந்தது. இருந்தும் பயம் போகவில்லை.

அந்த வாரமே டாக்டரிடம் போனோம். “உப்பு ஏதாவது சாப்டானா?” என்றார்.

“நாக்குல கூட வெக்கலீங்க” என்றார் அப்பா, தெம்பாக.

அதை நம்பித்தான் டாக்டர் மாத்திரையைக் குறைக்கப் போகிறார். தம்பி என் தாவணியைப் பிடித்து இழுத்தான். நான் சொல்லிவிட்டேன்.

“கோயில்ல தின்னுட்டான் சார்.”

அப்பா என் பக்கம் திரும்புவதற்குள் அம்மா பேசினாள். “நானும் பாத்தேங்க. ஆசையா கடிச்சுது. வாயிலேர்ந்து புடுங்க மனசு வரல.”

ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

டாக்டர் அவன் காலை அழுத்திப் பார்த்துச் சிரித்தார். “உடம்பு தாங்கிக்கிச்சு. இனிமே சாப்பாட்டுல ஒரு சிட்டிகை போடுங்க. கோயில்ல போய் திருட வேணாம்.”

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு சிட்டிகை போட்ட ரசத்தை அவன் தட்டில் ஊற்றினாள். அவன் வாயில் வைக்கும்வரை நாங்கள் யாரும் சோற்றைத் தொடவில்லை. ஒரு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான்.

“அழுவாதப்பா, நல்லாதான் இருக்குது.”